சிக்னல் இல்லாத இடமே இல்லை

வாழ்க்கையில் நான் கையெழுத்துப் போட்டுச் சொன்ன பொய் ஒன்றே ஒன்றுதான். வாயால் சொன்னவை நிறைய இருக்கும். எல்லாரும் சொல்வதுதான், அதற்கெல்லாம் யாரும் சான்றிதழ் தருவதில்லை. இதற்குத் தந்தார்கள். கண்ணாடிச் சட்டம் போட்டு, நகராட்சி முத்திரை குத்தி, மேடையில் ஏற்றித் தந்தார்கள்.

நான் தண்ணீர் மீட்டர் பார்க்கிறவன். இருபத்தாறு வருஷமாக இந்த ஊரின் ஒவ்வொரு சந்திலும் குனிந்து, மூடியைத் திறந்து, சிலந்தியை ஊதித் தள்ளிவிட்டு, எண்ணைக் குறித்துக்கொண்டு வந்தவன். ஆபீசில் யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மீட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அப்படிப்பட்டவனை ஒருநாள் பிடித்துக் கம்பியில்லாத் திட்டத்தில் போட்டார்கள்.

திட்டம் இதுதான். ஊர் முழுக்கக் கோபுரம் வைப்பது. கம்பியே இல்லாமல் இன்டர்நெட் கொடுப்பது. நகராட்சி ஆபீஸ், சுகாதார நிலையம், தீயணைப்பு, ஆம்புலன்ஸ், குழாய், குப்பை என்று சகலத்தையும் அதில் கோத்துவிடுவது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஒன்பது கோபுரம் என்று முடிவாயிற்று. ஆனால் பள்ளிக்கூட மைதானத்தில் வைக்கக் கல்வித் துறை சம்மதிக்க வேண்டும், ஆற்றங்கரையில் வைக்கப் பாசனத் துறை சம்மதிக்க வேண்டும், மேட்டில் வைக்க வனத் துறை சம்மதிக்க வேண்டும். கடிதம் போனது, பதில் கடிதம் வந்தது, அந்தப் பதிலுக்கு விளக்கம் போனது. கெடு நெருங்கிவிட்டது. யாரையும் கேட்க வேண்டாத நிலம் எது என்று கடைசியில் தேடினார்கள். நகராட்சி ஆபீஸ் வளாகம் அகப்பட்டது. ஒன்பது கோபுரத்தையும் அங்கேயே நட்டுவிட்டார்கள்.

சைக்கிள் நிறுத்தும் இடத்தில் நான்கு, கழிப்பறைக்குப் பின்னால் மூன்று, வாசலுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. பதிவேட்டு அறையின் ஜன்னலைத் திறந்தால் கோபுரத்தின் காலில் இடிக்கும். ஒன்பது கேட்டார்கள், ஒன்பது நிற்கிறது, எண்ணிப் பார்த்தால் ஒன்றுகூடக் குறையாது. அதனால் யாரும் குறை சொல்லவில்லை.

திட்ட அதிகாரிக்கு ஆபீசில் 'சதவீதம்' என்று பெயர். அந்த மனிதர் வாயில் வேறு கணக்கு வராது. முதல் குழந்தை பிறந்தபோது, "வீட்டில் ஐம்பது சதவீத வளர்ச்சி" என்று சொல்லி மிட்டாய் கொடுத்தவர். அவர்தான் என் கழுத்தில் ஒரு கருவியை மாட்டிவிட்டார்.

"மீட்டர், உனக்குத்தான் எல்லாச் சந்தும் தெரியும். இருபது அடிக்கு ஒரு தடவை நில்லு, பட்டனை அமுக்கு. அந்த இடத்துல சிக்னல் எவ்வளவுன்னு கருவியே அளக்கும், கருவியே நமக்கு அனுப்பிடும்."

"எது வழியா சார் அனுப்பும்?"

"நம்ம நெட்வொர்க் வழியாத்தான். பின்ன, புறா கால்ல கட்டியா அனுப்பும்?"

இரண்டு மாதம் நடந்தேன். செருப்பு இரண்டு ஜோடி தேய்ந்தது. ஆபீசைச் சுற்றி நான்கு தெருவுக்குக் கருவி உற்சாகமாகக் கத்தியது. கடைத்தெரு தாண்டியதும் இருமத் தொடங்கியது. அதற்கு அப்பால் மூச்சே இல்லை. நான் அமுக்குவேன். 'அனுப்ப முடியவில்லை' என்று திரையில் வரும். ஒரு நிமிஷம் பொறுத்து அந்த அளவையே அழித்துவிட்டு, ஒன்றுமே நடக்காதது போல் நிற்கும். எனக்குச் சும்மா இருக்க மனம் வரவில்லை. மீட்டர் பார்த்த பழக்கம். கருவி விழுங்கிய இடத்தையெல்லாம் ஒரு நோட்டில் தேதி, மணி, கதவு எண்ணோடு குறித்துவைத்தேன். ஆறாயிரத்துச் சொச்சம் வந்தது.

அதில் எங்கள் வீடும் ஒன்று. குளிர்பதனக் கிடங்கின் உயரமான மதிலுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே பள்ளத்தில் இருக்கிறது எங்கள் சந்து. கைபேசியில் பேச வேண்டுமென்றால்கூட சந்து முனைக்கு ஓட வேண்டும். அங்கே நானும் என் அக்காவும் இருந்தோம். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அக்காதான் ஆகவிடவில்லை என்று சந்தில் பேசிக்கொள்வார்கள். உண்மையில் யாரும் என்னைக் கேட்கவில்லை.

அக்கா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவள். வீட்டிலும் அதே குரல்தான். "வாசல்ல நிக்காதே, உள்ள ஏறு" என்றுதான் சொந்தக்காரர்களை வரவேற்பாள். இரண்டு தடவை அவளுக்கு இதயம் மக்கர் பண்ணியிருந்தது. இரண்டாவது தடவை டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, "இன்னொரு தடவை வந்தால் உங்களுக்கு அரை மணி நேரம்தான். அதற்குள் இங்கே கொண்டுவந்துவிடுங்கள்" என்று சொல்லியிருந்தார். அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் கம்பி போன் ஒன்று இருந்தது. கைக்கு எட்டும் தூரத்தில். இரண்டு தடவையும் அதில் கூப்பிட்டுத்தான் ஆம்புலன்ஸ் வந்தது, பன்னிரண்டு நிமிஷத்தில். ஓட்டுநரிடம் போகும் வழியெல்லாம், "பிரேக்கை மெதுவா போடுப்பா, உள்ள ஆள் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே போனாள்.

அளவெடுப்பு முடிந்ததும் சதவீதம் என்னைக் கூப்பிட்டுச் சுவரில் ஒரு வரைபடத்தைக் காட்டினார். ஆபீசைச் சுற்றி ஒரு பச்சைக் கொத்து. மீதி ஊர் வெள்ளைவெளேரென்று இருந்தது.

"எத்தனை அளவு வந்திருக்கு தெரியுமா? ஆயிரத்து நூத்துப் பன்னெண்டு. அத்தனையும் பச்சை. ஒரே ஒரு சிவப்புப் புள்ளி காட்டு பார்ப்போம்!"

"சிவப்பு இல்லைங்க சார். ஆனா இந்த வெள்ளையெல்லாம்..."

"வெள்ளைன்னா புகார் எதுவும் வரலைன்னு அர்த்தம்."

"அங்கேயிருந்து வராது சார். சிக்னலே இல்லையே, எப்படி வரும்?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "வந்த அளவுல எத்தனை நல்லா இருக்குன்னு பார்க்கறதுதான் முறை. வராததை வச்சு எந்த நாட்டுலயாவது கணக்குப் போடுவாங்களா? நூறு சதவீதம் மீட்டர். என் சர்வீஸ்லயே முதல் நூறு."

நான் நோட்டை எடுத்து மேஜையில் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை.

"இது என்ன?"

"சிக்னல் இல்லாத இடங்க சார். ஆறாயிரம் இருக்கு."

"இது நோட்டு."

"ஆமா சார்."

"டேட்டா இல்லை. கையால எழுதினதை நான் மேல அனுப்பினா சிரிப்பாங்க. அங்க சிக்னல் இல்லைன்னு நீ நிரூபிக்கணும்னா, அந்த இடத்துலயே நின்னு, நம்ம நெட்வொர்க் வழியா அனுப்பு. உடனே சிவப்பு போடறேன். எனக்கென்ன வந்தது?"

நான் முட்டாள் என்பது அப்போதுதான் எனக்கே முழுதாகத் தெரிந்தது. ஏனென்றால் மறுநாள் காலை உண்மையிலேயே எங்கள் சந்தில் போய் நின்று, சிக்னல் இல்லை என்ற செய்தியை சிக்னல் வழியாக அனுப்ப ஒரு மணி நேரம் முயன்றேன். கையைத் தூக்கிப் பார்த்தேன். ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தேன். அக்கா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "டேய், அந்த ஆபீசர் உன்னைத் தண்ணி இல்லாத கிணத்துல நீச்சல் கத்துக்கச் சொல்லியிருக்கார்டா. இறங்கு, விழுந்து வைக்காதே" என்றாள்.

அடுத்த வாரம் சுற்றறிக்கை வந்தது. ஒரே சேவைக்கு இரண்டு ஏற்பாடு இருப்பது வீண் என்பதால், அவசர உதவிக்கான கம்பி இணைப்புகள் அனைத்தும் நீக்கப்படும். நோயாளிகள் வீட்டில் கம்பியில்லா உதவிப் பெட்டி வைக்கப்படும். சிவப்புப் பொத்தானை அமுக்கினால் ஆம்புலன்ஸ் வரும். ஆம்புலன்சும் அதன் கொட்டகையிலிருந்து நகராட்சி வளாகத்துக்குள் குடிவந்தது, சிக்னல் கிடைக்கும் இடம் அதுதான் என்பதால். தீயணைப்பு வண்டியும் வந்து பக்கத்தில் நின்றது. சுகாதார நிலையத்து நர்ஸ் ஒரு மேஜையைத் தூக்கிக்கொண்டு வந்து ஏழாவது கோபுரத்தின் அடியில் உட்கார்ந்தார். ஊர் எங்கே இருந்தாலும் சேவையெல்லாம் இங்கே இருந்தது.

நான் சதவீதத்திடம் ஓடினேன். "சார், எங்க வீட்டுப் போனை மட்டும் விட்டுடுங்க. அக்காவுக்கு இதயம் சரியில்லை. அந்தப் பெட்டி எங்க சந்துல வேலை செய்யாது சார், நானே அளந்தேன்."

"உட்கார்," என்றார். என்னை அவர் உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை. ஒரு காகிதத்தை நகர்த்தினார். 'நான் நகரம் முழுவதும் நடந்து அளந்தேன். சிக்னல் இல்லாத இடம் எதுவும் பதிவாகவில்லை' என்று அதில் அச்சடித்திருந்தது. கீழே என் பெயர்.

"நல்லா யோசி. இதுல நீ கையெழுத்துப் போடலைன்னா உங்க பகுதிக்குச் சான்று கிடையாது. சான்று இல்லாத பகுதிக்கு உதவிப் பெட்டி கிடையாது. போன் எப்படியும் வெள்ளிக்கிழமைக்குள்ள போயிடும். அப்ப உங்க அக்காகிட்ட பெட்டியும் இருக்காது, போனும் இருக்காது. பாரு, வார்த்தையிலகூடப் பொய் இல்லை. 'பதிவாகவில்லை'ன்னுதானே போட்டிருக்கு?"

பெட்டியாவது இருக்கட்டுமே என்று நினைத்தேன். காற்று மாறினால், மழை பெய்தால், ஏதாவது ஒரு நேரம் சிக்னல் வராதா என்று நினைத்தேன். இன்றைக்கு எழுதும்போது அது எவ்வளவு கேவலமான சமாதானம் என்று தெரிகிறது. போட்டேன்.

வியாழக்கிழமை இரண்டு பேர் வந்து கம்பி போனைச் சுவரோடு பிடுங்கிக்கொண்டு போனார்கள். பெட்டியை வைத்தார்கள். அதில் ஒரு பச்சை விளக்கு எரிந்தது.

"பச்சை எரிஞ்சா சிக்னல் இருக்குன்னு அர்த்தமா?" என்று கேட்டாள் அக்கா.

"பேட்டரி இருக்குன்னு அர்த்தம்மா," என்று சொல்லிவிட்டு அவர்கள் போய்விட்டார்கள்.

அக்கா என்னைப் பார்த்தாள். "நீதானேடா ஊரெல்லாம் அளந்தே? இதை அமுக்கினா வருவாங்களா?"

"வருவாங்கக்கா," என்றேன். வேறென்ன சொல்வது? நான்தான் கையெழுத்துப் போட்டிருந்தேனே.

வெள்ளிக்கிழமை பிற்பகல் தொடக்க விழா. மண்டபத்தில் அறுநூறு நாற்காலி. பயனாளிகள் நேரில் வந்து உட்கார்ந்தால்தான் திட்டம் மக்களைச் சென்றடைந்ததாகக் காட்ட முடியும் என்று சந்து சந்தாக வேன் அனுப்பினார்கள். எங்கள் சந்தில் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்த பதினேழு பேரையும் ஏற்றினார்கள். அக்கா மட்டும் வரவில்லை. "எத்தனை வருஷம் ஆளை ஏத்தி இறக்கியிருக்கேன். என்னை ஏத்தறதுக்கு இவங்க யாரு? நீ போ, சட்டையை உள்ள விட்டுக்கிட்டுப் போ" என்றாள். நான் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு போனேன்.

இரண்டு மணி பத்து நிமிஷத்துக்கு நகராட்சித் தலைவர் எழுந்தார். முன்வரிசையில் என்னைக் கருவியோடு உட்கார வைத்திருந்தார்கள், கண்காட்சிப் பொருளாக.

"அன்பான பயனாளிகளே! இன்று முதல் இந்த நகரத்தில், கூப்பிட்டும் ஆம்புலன்ஸ் வரவில்லை என்ற பேச்சுக்கே இடமில்லை. நேற்று நள்ளிரவு முதல் இந்த நிமிடம் வரை எங்களுக்கு வந்த அவசர அழைப்புகள் எத்தனை தெரியுமா? பூஜ்யம்! முன்பெல்லாம் ஒரு நாளைக்குப் பதினைந்து அழைப்பு வரும். திட்டம் தொடங்கிய அன்றே மக்களின் உடல்நலம் இப்படி உயர்ந்திருக்கிறது என்றால், இன்னும் ஒரு வருடத்தில் ஆஸ்பத்திரியே தேவைப்படாமல் போகும். எங்கள் அதிகாரிகள் மக்களின் குரலைக் கேட்கக் காத்திருக்கிறார்கள். கேட்கும் இடத்திலிருந்து பேச வேண்டியது மக்களின் கடமை!"

கைதட்டல் ஓய ரொம்ப நேரம் ஆயிற்று. அப்புறம் சதவீதம் பேசினார். அப்புறம் வேறு யாரோ பேசினார்கள். மூன்று மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது என்னை மேலே கூப்பிட்டார்கள். போட்டோ எடுப்பவர் முதல் படம் சரியாக வரவில்லை என்று இரண்டாவது தடவையும் கண்ணாடிச் சட்டம் போட்ட அந்தச் சான்றிதழை வாங்கச் சொன்னார். வாங்கினேன்.

வீட்டுக்கு வந்தபோது அக்கா கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே சரிந்து கிடந்தாள். பெட்டி மடியில் இருந்தது. பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உடம்பு சில்லிட்டிருந்தது. நான் கத்தினேன். வேனில் போன அக்கம்பக்கத்தார் அப்போதுதான் ஒவ்வொருவராக இறங்கி, மண்டபத்தில் கொடுத்த தண்ணீர் பாட்டிலோடு ஓடிவந்தார்கள்.

திங்கட்கிழமை ஒரு கடிதம் வந்தது. பயனாளி காலமானதால் உதவிப் பெட்டியை ஏழு நாளுக்குள் வளாகத்தில் ஒப்படைக்க வேண்டும். பெட்டி ஒரு முறைகூடப் பயன்படுத்தப்பட்டதாகப் பதிவு இல்லை, எனவே புதியதாகவே கருதப்படும். இரங்கல் என்று ஒரு வார்த்தைகூட இல்லை. செவ்வாய்க்கிழமை காலை பெட்டியை ஒரு துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன்.

வளாகத்தின் வாசலைத் தாண்டி நாலு எட்டு வைத்திருப்பேன். பைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. உடனே இன்னொன்று. அப்புறம் நிற்காமல் வந்துகொண்டே இருந்தது. நான் என்னவென்று பார்ப்பதற்குள் எதிரே நின்றிருந்த ஆம்புலன்ஸ் சைரனோடு கிளம்பி, வளாகத்தை அரை வட்டம் அடித்து, என் முன்னால் வந்து நின்றது.

பழைய ஓட்டுநர்தான். குதித்து இறங்கினார். "என்ன மீட்டரண்ணே, நீங்களா கூப்பிட்டீங்க? யாருக்கு?"

"அக்காவுக்கு," என்றேன். வாயில் அதுதான் வந்தது.

"கண்டக்டரம்மாவுக்கா? எங்க அவங்க?"

"வெள்ளிக்கிழமை போயிட்டாப்பா."

அவர் என்னைப் பார்த்தார், பையைப் பார்த்தார். கதவைத் திறந்து வைத்தபடியே வண்டியின் படியில் உட்கார்ந்துவிட்டார்.

சதவீதம் மாடியிலிருந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இறங்கி வந்தார். "நாற்பது நொடி! எழுத்தரம்மா, குறிச்சீங்களா? முதல் அழைப்பு, நாற்பது நொடியில வண்டி வந்தாச்சு!"

எழுத்தரம்மா உள்ளேயிருந்து கூப்பிட்டார். "முதல் அழைப்பு இல்லைங்க சார். நாற்பத்தொண்ணு வந்திருக்கு. எல்லாம் ஒரே பெட்டி. பெட்டி அமுக்கினதையெல்லாம் சேர்த்துவச்சு, சிக்னல் கிடைச்சதும் அனுப்பியிருக்கு."

"நாற்பத்தொண்ணா? நாற்பத்தொண்ணுக்கும் நாற்பது நொடிதானே?"

"ஆமா சார். வந்து சேர்ந்த நேரத்துலேர்ந்து கணக்கு."

அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் சாகும் வரை மறக்க மாட்டேன். என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போய் மறுபடி உட்கார வைத்தார். ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு சீட்டு. நோயாளியோ உறவினரோ கையெழுத்துப் போட்டால்தான் அழைப்பு முடிந்ததாகக் கணக்கு. சீட்டில் இரண்டு கட்டம்தான் இருந்தது, 'நோயாளி இருந்தார்', 'நோயாளி இல்லை' என்று. எழுத்தரம்மா நாற்பத்தொரு சீட்டிலும் இரண்டாவது கட்டத்தில் கோடு போட்டு, என் முகத்தைப் பார்க்காமல் நீட்டினார்.

ஒவ்வொரு சீட்டின் மேலும் பொத்தானை அமுக்கிய நேரம் அச்சாகியிருந்தது. முதல் சீட்டில் இரண்டு பதினான்கு. தலைவர் பூஜ்யம் என்று சொன்னதும் நாங்கள் கைதட்டிய நேரம். அடுத்தது இரண்டு பதினைந்து. அப்புறம் பதினைந்திலேயே மூன்று. நடுவில் பத்து நிமிஷம் ஒன்றுமே இல்லை, போன் இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாளோ என்னவோ. மறுபடி இரண்டு இருபத்தாறிலிருந்து விடாமல் அமுக்கியிருக்கிறாள். கடைசிச் சீட்டில் இரண்டு ஐம்பத்தொன்று. எனக்கு எழுத்தெல்லாம் கலங்கிப்போயிற்று.

"போடு மீட்டர், பேனா இருக்கா?"

"சார், டாக்டர் அரை மணி நேரம்தான்னு சொல்லியிருந்தார்," என்றேன். "அவ முப்பத்தேழு நிமிஷம் தாக்குப்பிடிச்சிருக்கா."

சதவீதம் ஒரு கணம்தான் யோசித்தார். "அப்ப இருபத்துமூணு சதவீதம் அதிகம்," என்றார்.

எழுத்தரம்மா எழுந்து வெளியே போய்விட்டார். சதவீதம் தான் சொன்னது தன் காதிலேயே விழாதவர் போல் பேனாவின் மூடியைத் திறந்து என் பக்கம் நீட்டினார். நான் வாங்கவில்லை. என்னை மிரட்டிப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார், முடியாத அழைப்பு இருந்தால் நூறு சதவீதம் போய்விடும் என்று கண் கலங்கிக்கூடப் பார்த்தார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

என்னை வேலைநீக்கம் செய்வது பற்றிக் கடிதம் போயிருக்கிறதாம், பதில் வர நாளாகும். சீட்டுகளை வாரம் ஒரு முறை யாராவது எடுத்துக்கொண்டு வருகிறார்கள், அப்படியே திருப்பி அனுப்புகிறேன். நான் போடாத வரை அவர்கள் பதிவேட்டில் அந்த நாற்பத்தொரு அழைப்பும் முடியாது. அக்கா இன்னும் கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.